மேகசினைப் பார்த்து பிஸ்டல் வாங்குங்கள்

ஜப்பானில் வேலைக்கோ படிப்புக்கோ போயிருக்கிறீர்கள் என்றால், என்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது உங்களை ‘சபாகே’ விளையாடக் கூப்பிடக்கூடும். காட்டுக்குள்ளோ பழைய கிடங்குக்குள்ளோ இரண்டு அணியாகப் பிரிந்து, சின்னப் பிளாஸ்டிக் குண்டால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் ஆட்டம் அது. முதல் தடவை வாடகைத் துப்பாக்கியே போதும். அடுத்த தடவை சொந்தமாக ஒன்று இருந்தால் தேவலை என்று தோன்றும். கடைக்குப் போனால் சுவர் முழுக்கப் பிஸ்டல்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல, விலை மட்டும் வெவ்வேறு. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று விழிப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

இது நிஜத் துப்பாக்கியா? இல்லை. ஏர்சாஃப்ட் என்பது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குண்டை (பிபி என்பார்கள்) காற்றாலோ வாயுவாலோ தள்ளும் விளையாட்டுக் கருவி. வெடிமருந்து கிடையாது. ஆனால் தோற்றத்தில் அசலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் வரும் தொல்லைகளைப் பின்னால் பார்ப்போம்.

‘கேஸ் ப்ளோபேக்’ என்றால் என்ன? சுட்ட கையோடு பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடு தானாகப் பின்னால் போய்த் திரும்பி வரும் வகை. ஸ்பிரிங் பிஸ்டலில் ஒவ்வொரு முறையும் கையால் இழுக்க வேண்டும். பேட்டரி வகையில் உதைப்பே தெரியாது. கேஸ் வகையில் கையில் ஒரு உதைப்பு தெரியும், ‘டக்’கென்று சத்தம் வரும். அந்தச் சுகத்துக்காகத்தான் இதை வாங்குகிறார்கள். வேறு நடைமுறைக் காரணம் எதுவும் சொன்னால் நம்ப வேண்டாம்.

விசையை இழுத்தால் உள்ளே என்ன நடக்கிறது? இதைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பில் பாதி புரிந்த மாதிரி. சுத்தியல் விழுந்து, மேகசினில் (குண்டும் கேஸும் அடங்கிய, கைப்பிடிக்குள் செருகும் பெட்டி) உள்ள வால்வைத் தட்டுகிறது. வால்வு திறந்ததும் கேஸ் மேலே பாய்ந்து நாசிலுக்குள் (குண்டுக்குப் பின்னால் நிற்கும் சிறு குழல்) போகிறது. முதலில் முன்பக்கம் சென்று குண்டைத் தள்ளுகிறது. குண்டு வெளியேறி அழுத்தம் குறைந்தவுடன், நாசிலுக்குள் இருக்கும் ஒரு குட்டி வால்வு முன்வழியை அடைத்துவிடும். மிச்ச கேஸ் பின்பக்கம் திரும்பி ஸ்லைடைத் தள்ளுகிறது. ஸ்லைடு பின்னால் போகும்போது சுத்தியலை மறுபடி நிமிர்த்திவைக்கிறது. திரும்பி வரும்போது அடுத்த குண்டை எடுத்துக்கொள்கிறது.

கவனித்தீர்களா? குண்டு, கேஸ், வால்வு மூன்றும் மேகசினில் இருக்கின்றன. கையில் பிடிக்கும் மீதிப் பகுதியில் இருப்பவை ஒரு குழாயும் சுத்தியலும் சில ஸ்பிரிங்குகளும் நாசிலும்தான். கடையில் எல்லோரும் ஸ்லைடின் பளபளப்பைப் பார்த்துப் பிஸ்டலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானாக இருந்தால் முதலில் மேகசினைத்தான் கையில் வாங்கிப் பார்ப்பேன்.

அந்த மேகசினுக்குள் எந்த கேஸ் போகிறது? இந்த ஒரு கேள்விதான் பிஸ்டல்களை வகை பிரிக்கிறது. உள்ளே கேஸ் திரவமாக இருக்கும். திரவத்துக்கு மேலே உள்ள ஆவியின் அழுத்தம்தான் உங்கள் பிஸ்டலின் பலம். அந்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது கேஸின் வகையும் அன்றைய வெயிலும். அளவை ‘பார்’ கணக்கில் சொல்கிறேன். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்.

ஜப்பானில் பல காலமாக விற்பது எச்எஃப்சி-134ஏ. கார் ஏசியிலும் இதே வாயுதான் இருந்தது. 20 டிகிரியில் இதன் அழுத்தம் சுமார் 5.7 பார். 0 டிகிரியில் சுமார் 2.9, பாதிதான். 35 டிகிரியில் 8.9 வரை ஏறும். அடுத்தது தைவானிலும் மேலை நாடுகளிலும் பரவலாக உள்ள ‘கிரீன் கேஸ்’. பெயர் என்னவாக இருந்தாலும் அது புரோப்பேன். கூடக் கொஞ்சம் சிலிகான் எண்ணெய். 20 டிகிரியில் சுமார் 8.4 பார், 0 டிகிரியில் சுமார் 4.7. மூன்றாவது கார்பன் டை ஆக்சைடு. 12 கிராம் இரும்புக் குப்பியாக வரும். 20 டிகிரியில் அதன் அழுத்தம் 57 பாரை ஒட்டி இருக்கும்.

இந்த எண்களை ஒரு நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகஸ்டு மாத டோக்கியோ வெயிலில் 134ஏ போட்ட பிஸ்டலும், மிதமான நாளில் புரோப்பேன் போட்ட பிஸ்டலும் கிட்டத்தட்ட ஒரே பலத்தில் சுடும். லண்டன் குளிரில் புரோப்பேன் போடுவது, டோக்கியோ வசந்தத்தில் 134ஏ போடுவதற்குச் சற்றுக் குறைவுதான். ஆகவே ‘எந்தப் பிஸ்டல் நல்லது’ என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் விளையாடும் ஊரில் வெயில் எவ்வளவு என்று கேளுங்கள்.

பலமான கேஸையே எல்லாவற்றிலும் போட்டுவிட்டால் என்ன? போட்டால் உடையும். ஏன் என்று புரிய ஜப்பானியச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே 1971இல் வந்த திருத்தத்தின்படி, உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கி மாதிரிகள் வெள்ளை அல்லது மஞ்சள் பூச்சோடு, குழாய் அடைபட்டே இருக்க வேண்டும். குண்டு சுடும் கறுப்புப் பிஸ்டல் வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கில்தான் செய்ய முடியும். அதனால் டோக்கியோ மாருய் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் பிஸ்டல்களில் ஸ்லைடு பிளாஸ்டிக். எடை குறைந்த அந்த ஸ்லைடை நகர்த்த 134ஏ தாராளம். அதில் தொடர்ந்து புரோப்பேன் போட்டால் ஸ்லைடு வேகமாகப் பின்னால் மோதி மோதி, ஒருநாள் முன்பகுதியில் விரிசல் விடும்.

சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2006 திருத்தத்துக்குப் பிறகு, ஜப்பானில் 6 மில்லிமீட்டர் குண்டின் ஆற்றல் ஏறக்குறைய 0.98 ஜூலைத் தாண்டக் கூடாது. 0.20 கிராம் குண்டு நொடிக்கு 99 மீட்டர் வேகத்தில் போனால் அந்த எல்லை வந்துவிடும். தாண்டிய பிஸ்டலை வைத்திருப்பதே குற்றம்; சுட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பலமான கேஸ், பலமான ஸ்பிரிங் என்று ஆசைப்பட்டு மாற்றுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். மைதானத்தில் நுழையும்போது வேகமானி வைத்துச் சோதிப்பார்கள்.

சரி, பிஸ்டல்களை ஒப்பிடுவோம். ஜப்பானில் இருக்கும் புதியவருக்கு என் பதில் சுருக்கமானது: டோக்கியோ மாருய். ஹை-காப்பா 5.1 அல்லது கிளாக் 17, இரண்டில் கைக்கு எது பொருந்துகிறதோ அது. பெட்டியிலிருந்து எடுத்த நாளே நேராகச் சுடும். ஹை-காப்பாவின் மேகசினில் 31 குண்டு, கிளாக்கில் 25. இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது; ஆனால் மேகசின் பெரிதாக இருந்தால் அதிலுள்ள உலோகமும் அதிகம், சூட்டைத் தேக்கிவைக்கும் திறனும் அதிகம். அதன் பயன் குளிர்காலத்தில் தெரியும்.

ஹை-காப்பாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெயர்? அசலில் இப்படியே ஒரு துப்பாக்கி கிடையாது. ‘1911’ என்ற பிஸ்டல் வகையின் உடலை அகலமாக்கி மாருய் வடிவமைத்தது. உதிரிப் பாகம் உலகம் முழுக்கக் கிடைக்கிறது. விசை இழுப்பு மென்மையானது. 2018இல் ஹாங்காங்கில் முதல் உலகப் போட்டி நடத்திய ‘ஆக்‌ஷன் ஏர்’ என்ற குறிசுடும் பிரிவில் இந்த வகைப் பிஸ்டலைத்தான் எங்கும் பார்க்கலாம். ஒரே குறை, கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு. அவசரத்தில் அதை மறந்து விசையை இழுத்துக்கொண்டே நிற்பவர்கள் உண்டு. கிளாக்கில் அந்தத் தொல்லை இல்லை.

தைவான் பிஸ்டல்கள் எப்படி? டபிள்யூஇ, கேஜே ஒர்க்ஸ், விஎஃப்சி மூன்றும் அங்கே பெயர் பெற்றவை. உலோக ஸ்லைடு, நல்ல கனம், புரோப்பேன் அழுத்தத்துக்கே வடிவமைப்பு. விஎஃப்சி செய்து உமாரெக்ஸ் பெயரில் வரும் கிளாக்கில் அசல் முத்திரையே இருக்கும். அழகுக்கு ஆசைப்படுபவர்களுக்கு அது. கேஜே ஒர்க்ஸ் உருவத்தில் சாது, உழைப்பில் கெட்டி. டபிள்யூஇ விலை குறைவு. சில பாகங்களைத் தீட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்து வாங்குங்கள். லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கிறீர்கள் என்றால் இந்த வரிசையில் பாருங்கள். அங்கே மாருய் வாங்கினால் குளிரில் 134ஏ சோம்பும், புரோப்பேன் போட்டால் ஸ்லைடு தாங்காது.

கார்பன் டை ஆக்சைடு வகை? உதைப்பு பிரமாதம். குளிரிலும் ஓடும். ஆனால் தேய்மானமும் அதே அளவுக்கு. இந்த வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாகவே இருக்காது. அதற்கு மேல் வெயில் ஏற ஏற அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். துளைத்த குப்பியை நாள்கணக்கில் மேகசினுக்குள் விட்டால் ரப்பர் கெடும். முதல் பிஸ்டலாக இதை நான் சொல்ல மாட்டேன்.

சமையல் கேஸும் புரோப்பேன் கலந்ததுதானே, வீட்டு சிலிண்டரிலிருந்து நிரப்பலாமா? கூடவே கூடாது. அது பியூட்டேனும் கலந்த கலவை. வால்வுக்கான எண்ணெய் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, திரவ எரிவாயுவை அறைக்குள் கையாள்வது தீ விபத்துக்கு வழி. கிரீன் கேஸும் எரியக்கூடியதே. அதையும் திறந்த வெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல்தான் நிரப்ப வேண்டும். 134ஏ சாதாரணச் சூழலில் தீப்பிடிக்காது, ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கார்பன் டை ஆக்சைடைப் போலச் சுமார் 1,400 மடங்கு. அதற்கான கட்டுப்பாடுகள் இறுகிவருவதால் எச்எஃப்ஓ-1234இசட்இ என்ற மாற்று வாயு கடைகளில் வந்திருக்கிறது. அதன் அழுத்தம் 134ஏயை விடக் குறைவு; கோடையில் போதும், குளிரில் திணறும்.

இனி பராமரிப்பு. நிரப்புவதிலிருந்தே தொடங்குகிறது. மேகசினைத் தலைகீழாகப் பிடித்து, கேஸ் டப்பாவையும் தலைகீழாக அதன்மேல் நேராக அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் பக்கவாட்டில் பீய்ச்சும், வால்வும் தேயும். சில நொடிகள் போதும். விளிம்புவரை நிரப்ப ஆசைப்படாதீர்கள். ஆவிக்கு இடம் வேண்டும். இல்லையென்றால் திரவமே வெளியே வந்து, குழாய் முனையில் வெள்ளைப் புகை மாதிரி கக்கும், ஸ்லைடு பாதியில் நிற்கும்.

விடாமல் சுட்டால் பிஸ்டல் ஏன் சோர்ந்துபோகிறது? திரவம் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். மேகசின் சில்லிட்டுவிடும், அழுத்தம் விழும், கடைசிக் குண்டுக்குப் பிறகு பின்னால் நின்று பூட்ட வேண்டிய ஸ்லைடு பூட்டாமல் வந்துவிடும். இதைப் பழுது என்று நினைத்துத் திருகாணியைத் தொடாதீர்கள். இரண்டு நொடி இடைவெளி விட்டுச் சுடுங்கள். இரண்டு மேகசின் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஓய்வில் இருப்பதைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளலாம். ஹீட்டர் மேலோ கொதிக்கும் தண்ணீரிலோ வைத்துச் சூடேற்றுவது ஆபத்து.

என்ன எண்ணெய் போடுவது? ரப்பர், பிளாஸ்டிக் இரண்டுக்கும் ஏற்றது என்று எழுதியிருக்கும் சிலிகான் எண்ணெய். கதவுக் கீலுக்கு அடிக்கும் துருநீக்கி ஸ்பிரே, தையல் மிஷின் எண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாம் ஒதுக்குங்கள். பெட்ரோலிய எண்ணெயும் கரைப்பானும் பட்டால் சில ரப்பர்கள் ஊதிவிடும், சில பிளாஸ்டிக் வெடிப்பு விடும். ஸ்லைடு ஓடும் தடத்தில் ஒரு சொட்டுத் தடவி, முன்னும் பின்னும் இழுத்து, வழிவதைத் துடைத்துவிடுங்கள். சுத்தியல் பக்கத்து இரும்புப் பாகங்களுக்கு லேசான கிரீஸ் நல்லது. எண்ணெய் அதிகமானால் மண் ஒட்டும்.

குண்டு நேராகப் போகாமல் இஷ்டத்துக்கு வளைகிறதா? குழாயின் தொடக்கத்தில் ஹாப்-அப் (குண்டின் தலையில் உரசி அதைப் பின்சுழல வைக்கும் ரப்பர் மேடு) இருக்கிறது. பின்சுழற்சியால்தான் இத்தனை லேசான குண்டு தூரம் போகிறது. அந்த ரப்பரில் எண்ணெய் பட்டால் பிடிப்பு போய்விடும். குழாய்க்குள் ஸ்பிரே அடித்துவிட்டு ‘பிஸ்டல் கெட்டுவிட்டது’ என்று புலம்புவதுதான் அடிக்கடி நடப்பது. குழாயைத் துடைக்க, ஹாப்-அப்பை முழுக்கத் தளர்த்துங்கள். துடைக்கும் குச்சியின் நுனியில் மெல்லிய துணியைச் சுற்றி நுழைத்து, ரப்பரை இடிக்காமல் மெதுவாக உருவுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை செய்து, கடைசியில் காய்ந்த துணியால் முடியுங்கள்.

துடைத்த பின்னும் வளைந்தால்? குண்டைப் பாருங்கள். கீழே விழுந்ததைப் பொறுக்கிப் போடாதீர்கள். கீறலும் மண்ணும் குழாயையும் ரப்பரையும் கெடுக்கும். மட்கும் வகைக் குண்டு ஈரத்தில் கெட்டுப்போகும். பையைத் திறந்தால் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். எடையையும் மாற்றிப் பார்க்கலாம். காற்றடிக்கும் வெளியில் 0.20 கிராமைவிட 0.25 கிராம் நிதானமாகப் போகும். எடை கூடினால் ஹாப்-அப்பையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். குண்டு கடைசியில் மேல்நோக்கிக் கிளம்பினால் அதிகம் கூட்டிவிட்டீர்கள்.

மேகசின் ‘ஸ்ஸ்’ என்கிறதே? கேஸ் கசிகிறது. பழைய மேகசினில் இது சகஜம். குண்டுகளை எடுத்துவிட்டு, கசியும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். அடியில் உள்ள நிரப்பும் வால்வில் குமிழ் வந்தால் பெரும்பாலும் தூசியோ வறட்சியோதான். இரண்டு சொட்டு சிலிகான் எண்ணெயை அந்த வால்வுக்குள் விட்டு, கேஸ் நிரப்பி, சில மணி நேரம் அப்படியே வையுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகும். ஆகாவிட்டால், உள்ளேயிருக்கும் கேஸை முழுக்க வெளியேற்றிவிட்டு, வால்வுச் சாவியால் கழற்றி ஓ-ரிங்கை (மெல்லிய ரப்பர் வளையம்) மாற்றுங்கள். அழுத்தம் இருக்கும்போது வால்வைத் திருகினால் அது முகத்துக்கு நேராகப் பறக்கும். கசிவு மேல் வால்விலோ அடித்தட்டின் ரப்பரிலோ இருந்தாலும் இதே வேலைதான், கொஞ்சம் கூடுதல் பொறுமையோடு.

எப்படி எடுத்துவைப்பது? காலி மேகசினை அப்படியே மாதக்கணக்கில் வைத்தால் ரப்பர் வறண்டு, அடுத்த முறை கசியும். ஒரு நொடி அளவுக்குக் கொஞ்சம் கேஸ் விட்டுவையுங்கள். ரப்பர் அழுத்தத்தில் உட்கார்ந்தே இருக்கும். குண்டுகளை எடுத்துவிடுங்கள். சுத்தியலை இறக்கி, ஹாப்-அப்பைத் தளர்த்தி, மேகசினைப் பிஸ்டலிலிருந்து தனியாக வையுங்கள். கேஸ் டப்பாவை 40 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் வைக்கக் கூடாது என்று அதன்மேலேயே எழுதியிருப்பார்கள். வெயிலில் நிறுத்திய கார் அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

கண்ணுக்கு ஆபத்தா? ஆமாம். சட்ட எல்லைக்குள் இருக்கும் குண்டும் கண்ணை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். மூக்குக்கண்ணாடி இதற்குப் பாதுகாப்பு ஆகாது. முழுக்க மூடும் கண்காப்புதான் வேண்டும். மேகசினை உருவியதும் துப்பாக்கி காலி என்று நினைக்காதீர்கள். குழாயில் ஒரு குண்டு தங்கியிருக்கலாம். துடைக்க உட்காரும்போது முதலில் மேகசினை உருவி, பிறகு பாதுகாப்பான பக்கம் காட்டி ஒருமுறை விசையை இழுத்துவிடுங்கள்.

வெளியே எடுத்துப் போகலாமா? பையில் மூடி வைத்துத்தான். தெருவில் இதைக் கையில் பார்க்கும் போலீஸ்காரருக்கு இது விளையாட்டுச் சாமான் என்று தெரியாது. அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் பிஸ்டலின் முனையில் ஆரஞ்சு நிறம் கட்டாயம். பிரிட்டனில் அசல் போலத் தோன்றும் பிஸ்டலை வாங்க, விளையாட்டுக் குழுவில் இருப்பதற்கான ஆதாரம் போன்ற சட்டபூர்வக் காரணத்தைக் காட்ட வேண்டும். அங்கே ஆற்றல் எல்லை ஒற்றைச் சூட்டுக்கு 2.5 ஜூல், தொடர்ச்சூட்டுக்கு 1.3 ஜூல்.

விடுமுறைக்கு வரும்போது தம்பிக்கு ஒன்று வாங்கி வரலாமா? வேண்டாம். சிங்கப்பூரில் உரிமமின்றி இதை வைத்திருப்பது குற்றம். மலேசியாவிலும் போலித் துப்பாக்கி என்ற கணக்கில் பிடிப்பார்கள். இந்தியாவில் ஆயுதச் சட்டம், இறக்குமதி விதி இரண்டும் குறுக்கே வரும். எழுத்தில் அனுமதி இல்லாமல் பெட்டியில் போட்டால் சுங்கத்திலேயே சிக்கல். கேஸ் டப்பாவை எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். ஜப்பானை விட்டுக் கிளம்பும் நாள் வந்தால் அங்கேயே பழைய பொருள் கடைக்கு விற்றுவிடுங்கள். கசியாத மேகசின் இரண்டு சேர்த்துக் கொடுத்தால் விலை கொஞ்சம் கூடவே கிடைக்கும்.